தொழுவத்தில் இருந்துகொண்டு வீட்டைப் புதுப்பிப்பது எப்படி

பழைய வீட்டில் கை வைக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேலை முடியும்வரை நீங்கள் படுக்கப் போகிற இடத்தை முதலில் சரி செய்யுங்கள். வீடு அப்புறம்.

எங்கள் ஊர் சீவலப்பேரிக்குப் பக்கம். சிற்றாறு தாமிரபரணியோடு சேருகிற இடம் அது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மழையில் எங்கள் பட்டாசலில், அதாவது கூடத்தில், இடுப்பளவு தண்ணீர் நின்றது. மாமனாரின் அப்பா கட்டிய வீடு. முன்னால் தார்சா, அப்புறம் பட்டாசல், அரங்கு என்கிற உள்ளறை, அடுப்பங்கரை என்று நேராகப் போகும். சுவர் எல்லாம் சுண்ணாம்புக் காரை, மேலே பனங்கையில், அதாவது பனைமரச் சட்டங்களில், வேய்ந்த ஓடு. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர் காயவே இல்லை. ஒரு கோடை முழுக்கக் கதவைத் திறந்து போட்டுக் காயவிட்டோம். 2025 தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம்.

வாடகைக்குப் போக வசதியில்லை. புறவாசலில் மாடு இல்லாத தொழுவம் கிடந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, தகரக் கூரை. அத்தை, வீட்டுக்காரர், நான், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், நாலாம் வகுப்பு மகன், ஐந்து பேர். நாலு மாதம்தானே என்று பெருக்கிக் கழுவிவிட்டு அப்படியே குடிபோனோம். ஏழு மாதம் ஆயிற்று. முதல் வாரம் யாரும் தூங்கவில்லை. பகல் வெக்கை ராத்திரி பன்னிரண்டு மணிவரை தகரத்தில் இருந்தது. அத்தைக்கு இருமல். நானும் அவரும் ஒரு வாளிக்காகச் சண்டை போட்டோம். ஆறாம் நாள் கொத்தனார் அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "தாயி, வீட்டைப் பொறவு பாத்துக்கிடலாம். நீங்க படுக்குத எடத்த மொதல்ல சரி பண்ணுவோம். ஒறக்கம் இல்லாம வேல வாங்க முடியாது" என்றார். உதவிக்கு ஒரு நிமிந்தாளையும் ஒரு சித்தாளையும் வைத்துக்கொண்டு இரண்டே நாளில் முடித்தார். அந்த இரண்டு நாள் கூலிதான் மொத்த வேலையிலும் நாங்கள் செலவழித்ததில் நல்ல செலவு.

என்ன செய்தார் என்று சொல்கிறேன். வீட்டுச் சுவரில் கொத்தி எடுத்த பழைய பூச்சை வெளியே கொட்டாமல் தொழுவத்துத் தரையில் அரையடி உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, மேலே மெல்லிசாக சிமெண்ட் பூசினார். தரை உயர்ந்ததால் புறவாசல் தண்ணீர் உள்ளே வராது. எதிரெதிர்ச் சுவரில் கூரைக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கலை உருவி கம்பி வலை அடித்தார். வெக்கை மேலே ஏறி வெளியே போக வழி வேண்டும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போகாது. தகரத்தின் மேல் தென்னங்கிடுகு போட்டுக் கயிற்றால் கட்டினார். உள்ளே சுவருக்கு இரண்டு கை வெள்ளை. அன்று ராத்திரி பத்து மணிக்கெல்லாம் சின்னவன் போர்வை கேட்டான்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து ஒயரை இழுத்து ஜன்னல் வழியாக விடுவதுதான் எல்லோரும் செய்வது. ஈரத் தரை, தகரக் கூரை, வெறுங்காலோடு பிள்ளைகள். தொழுவத்துக்குத் தனி லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றைப் போட்டோம். கசிவு இருந்தால் அது கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். கொத்தனார் ஆட்களின் டிரில்லும் கட்டரும் அதே பாதுகாப்பில்தான் ஓட வேண்டும்.

கேஸ் அடுப்பு உள்ளே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். நாங்களோ தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். அதனால் வெளியே நாலடிக்கு ஒரு சாய்ப்பு இறக்கி, சிலிண்டரும் அடுப்பும் அங்கே வைத்தோம். ஒற்றை அடுப்பில் ஐந்து பேருக்குச் சமைக்க நம் ஊர்ச் சாப்பாடே வழி வைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய், மாங்காய், ஒரு கை முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய், எல்லாம் ஒரே பாத்திரத்தில். புளிமிளகாய் ஒரு சட்டி வைத்தால் நாலு நாள் இட்லிக்கு ஓடும். கானத்துவையல், அதாவது கொள்ளுத் துவையல், அத்தையின் பொறுப்பு. கிரைண்டரைப் பக்கத்து வீட்டு மதினி தார்சாவில் வைத்துக்கொண்டோம், அவளுக்கும் சேர்த்து மாவாட்டிக் கொடுத்தேன்.

சாமானை மூன்றாகப் பிரியுங்கள். தினமும் வேண்டியது, மாதம் ஒருமுறை வேண்டியது, பால்காய்ச்சும்வரை வேண்டாதது. மூன்றாவதைப் பாளையங்கோட்டையில் நாத்தனார் வீட்டு மாடிக்கு அனுப்பினோம். பித்தளை அண்டா, தையல் மிஷின், கொலு பொம்மை எல்லாம் போயிற்று. தையல் மிஷினை அனுப்பியது தப்பு, திரும்பக் கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, அதற்கு மேல் கிடையாது. பெட்டிகளை வரிசையாக வைத்து மேலே பலகை போட்டால் பகலில் உட்கார இடம், சாயங்காலம் பிள்ளைகளுக்கு மேசை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கழுத்துயரத்தில் மாட்டினோம். வெள்ளத்தில் மகளின் பழைய ரிப்போர்ட் கார்டுகள் கூழாகப் போனதைப் பார்த்தவள் நான்.

பாய்க்கு ஒரு ஏற்பாடு. உத்திரத்திலிருந்து ஒரு முழ இடைவெளியில் இரண்டு கயிற்று வளையங்கள் தொங்கும். காலையில் எழுந்ததும் பத்தமடைக் கோரைப்பாய் ஐந்தையும் சேர்த்துச் சுருட்டி, ஒரு முனையை ஒரு வளையத்தில், மறுமுனையை இன்னொன்றில் நுழைத்துவிட வேண்டும். தரை முழுக்கக் காலியாகிவிடும். பாய்க்கும் காற்றுப் படும், கோரை ஈரம் குடித்தால் பூத்துவிடும். ஏழு மாதமும் அது சின்னவனின் வேலை. அத்தை படுக்கிற பக்கம் ஒரு பழைய நூல்சேலையைக் குறுக்கே கட்டினோம். வயதான மனுஷிக்கும் பெரிய பிள்ளைக்கும் மறைவு வேண்டும். சின்ன இடத்தில் மறைவுதான் மரியாதை.

ஓட்டைப் பிரித்து அடுக்கும்போது படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அடுக்க விடாதீர்கள். அடுக்கின ஓட்டில் தேள் குடியேறும். எங்களுக்கு இரண்டு வந்தன. காம்பவுண்டு ஓரம், பத்தடிக்கு அப்பால் அடுக்கி, எடுக்கும்போது குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். முதலில் கூரை. மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே பூசுவது வீண். பனங்கை ஒவ்வொன்றையும் ஆசாரி சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல கை 'ணங்' என்று சொல்லும். கரையான் தின்றது 'பொத்' என்று அமுங்கும். சுவருக்குள் போகிற ஒரு முழத்தைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள், ஈரம் அங்கேதான் முதலில் ஏறும். நாற்பத்தியிரண்டு கையில் ஒன்பதுதான் போயிருந்தது. வைரம் பாய்ந்த பனை அப்படி நிற்கும். மீதிக்கு முந்திரி ஓட்டெண்ணெய் இரண்டு கை அடித்தோம். அது தோலில் பட்டால் புண்ணாகிவிடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

அப்புறம் சுவர். பத்து வருஷம் முன்பு சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று மேலே சிமெண்ட் பூசியிருந்தோம். அதுதான் வினை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்து வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. வெள்ளத் தண்ணீர் செங்கலுக்குள் மாட்டிக்கொண்டு உப்பாகப் பூத்தது. மார்பளவு உயரத்துக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்து மூன்று வாரம் ஆறவிட்டோம். அண்ணாச்சி கையை வைத்துப் பார்த்து, குளிர்ச்சி போகும்வரை பூச மாட்டேன் என்றுவிட்டார்.

சுண்ணாம்பு நீற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரும்பு டிரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, அதில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லை முதலில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். போட்ட சில நிமிடங்களில் உலை மாதிரி கொதிக்கும், ஆவி பறக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொதி அடங்கியதும் கட்டையால் கிண்டி, சலித்து, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். நாங்கள் ஒரு மாதம் வைத்தோம். எடுக்கும்போது வெண்ணெய் மாதிரி விரலில் ஒட்டியது.

இன்னொரு டிரம்மில் இடித்த கடுக்காயும் உடைந்த கருப்பட்டியும் ஊறும். ஒரு வாரத்தில் நுரைத்துப் புளித்த வாடை வரும், அதுதான் பக்குவம். காரைக்கு அந்தத் தண்ணீரைத்தான் விட வேண்டும். ஆற்று மணலை நாங்கள் தொடவில்லை. எம்-சாண்டை இரண்டு தடவை சலித்து, முதல் பூச்சுக்கு ஒன்றுக்கு மூன்று, மேல் பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தோம். பங்குனி வெயிலில் சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஒயரிங் குழாய் பூச்சுக்கு முன்னாலேயே போய்விட வேண்டும். பிளக் பாயிண்டை எல்லாம் நாலடி உயரத்துக்கு ஏற்றினோம், ஆறு இன்னொரு தடவை வந்தால் என்ன செய்வது. தரை கடைசியில்.

வேலை ஆட்களிடம் ஒரு ஒப்பந்தம். மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்த நாட்களில் தட்டுகிற வேலை காலை பத்துக்கு மேல், மாலை ஐந்தோடு சரி. கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ மட்டும் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.

எந்த அறையை முதலில் முடிப்பது? எல்லோரும் தார்சாவும் பட்டாசலும் என்பார்கள், வருகிறவர்கள் பார்க்கிற இடம் என்று. நாங்கள் குளியலறையையும் அடுப்பங்கரையையும் முதலில் முடித்தோம். சித்திரைக் கடைசியில் அடுப்பு உள்ளே போனதும் தொழுவத்தில் இருக்கிற கஷ்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் பூச்சு காயாத அறையில் படுக்கப் போகாதீர்கள். அத்தை அவசரப்பட்டு அரங்கில் ஒரு ராத்திரி படுத்து, மறுபடி இருமலோடு தொழுவத்துக்கே வந்தாள்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். தொழுவத்தை உடனே பிரிக்கவில்லை. ஐப்பசி மழை ஓட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பாயைக்கூட வளையத்திலேயே விட்டுவைத்தோம். முதல் பெருமழை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது. ஐந்து பேரும் டார்ச்சோடு எழுந்து அறை அறையாகப் போனோம். சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே தரையில் கரியால் ஒரு வட்டம் போட வேண்டும், விடிந்ததும் அதற்கு மேலே உள்ள ஓட்டைப் பார்த்தால் போதும். அரங்கு மூலையில் ஒரே ஒரு வட்டம். மகன் அதில் தேதி எழுதி வைத்திருக்கிறான். கொத்தனார் அண்ணாச்சி தீபாவளி கழிந்து வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அங்கே ஒரு செம்பு இருக்கிறது.