நேட்டாலுக்குப் போனவரைத் தேடிப் போகிறவர்களுக்கு

குடியாத்தம், போளூர் பக்கத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் "எங்களில் ஒருத்தர் நேட்டாலுக்குக் கப்பலேறினார், திரும்பவே இல்லை" என்ற பேச்சு இன்னமும் உண்டு. நேட்டால் என்பது தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம் இருக்கும் பகுதி. உங்கள் வீட்டிலும் இருந்தால், டிக்கெட் எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். என் கொள்ளுத் தாத்தாவின் தம்பி முனிசாமி அப்படிப் போனவர். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் நகல் எடுத்துக் கொடுத்தவன் என்பதால், நான் காகிதத்திலிருந்துதான் ஆரம்பித்தேன்.

காகிதம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், கப்பல் பட்டியலில் ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைப் பாதுகாக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் குடியேறியோர் தொடர்பான கோப்புகள் தனியாக உண்டு.

தேடும்போது தமிழை மறந்துவிட்டு வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதால் கேளுங்கள். முனிசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், குப்புசாமி 'கூப்பூசாமி', ஆறுமுகம் 'ஆர்மூகம்'. வந்தவாசி என்று தேடினால் கிடைக்காது, 'வாண்டிவாஷ்' என்று தேடுங்கள். இன்னொரு பொறி: இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடாதீர்கள். திருவண்ணாமலை 1911 வரை தென்னாற்காட்டில் இருந்தது, திருப்பத்தூர் சேலத்தில். முனிசாமிகளோ நூற்றுக்கணக்கில். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால்தான் நம் ஆள். வயதை நம்பவே வேண்டாம், அதெல்லாம் கண் மதிப்பு.

"வம்சாவளி தேடித் தருகிறோம்" என்ற ஒருவரிடம் பன்னிரண்டாயிரம் கொடுத்து, யாரோ ஒரு முனிசாமியின் மரத்தை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் மகிழ்ந்திருந்தேன். தகப்பன் பெயரே வேறு.

பட்டியலில் ஆள் கிடைத்தபின் வாரிசுகளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். பழைய கடிதத்தில் உள்ள விலாசத்துக்கு நேரே போகாதீர்கள். இனம் பார்த்துக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் சட்டம் இந்தியர்களை டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்த்து, 1960-களில் சாட்ஸ்வொர்த் என்ற குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தது. அதனால் "எந்தத் தெரு" என்று கேட்பதைவிட "முன்னோர் கூலி வேலை பார்த்தது எந்தக் கரும்புத் தோட்டம், எந்த மில்" என்று கேளுங்கள். குடும்பப்பெயரையும் பிடித்துத் தொங்க வேண்டாம். ஒரே தாத்தாவின் பேரன்களில் ஒருவருக்கு மூதாதையின் பெயர் குடும்பப்பெயராக இருக்கும், இன்னொருவருக்குப் பட்டப்பெயர். எனக்கு வழி காட்டியது டர்பன் அருகே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் பழக்கமுள்ள ஒரு பெரியவர். அவர் மூலம் வீட்டாரிடம் நான்கு மாதம் தொலைபேசியில் பேசிய பிறகுதான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். அவர்கள் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம் உதவியாக இருந்தது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து டர்பனுக்கு நேர் விமானம் கிடையாது, வழியில் மாற வேண்டும். நம் வீட்டுத் தண்ணீர் ஹீட்டரின் 15 ஆம்பியர் பிளக்தான் அங்கே பல சுவர்களில் பொருந்துகிறது. அந்த அளவு அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் இரவு குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

நான் ஆடி மாதமாகப் பார்த்துப் போனேன், இதை எல்லோருக்கும் சொல்வேன். அவர்களுக்குத் தமிழ் பேச வராது. வீட்டில் ஆங்கிலம்தான்; தாத்தா, பெரியம்மா என்ற முறைப்பெயர்கள் மட்டும் தங்கியிருக்கின்றன. பேச்சுக்குத் தடுமாறிய முதல் நாள், முனிசாமியின் பேத்தி (என் அப்பாவுக்குத் தங்கை முறை, எனக்கு அத்தை, எண்பத்து மூன்று வயது) என்னை அடுப்பங்கரைக்கு அழைத்துப்போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டினார். மாரியம்மனுக்கு ஊற்றுவதற்காகச் சோள மாவில் காய்ச்சிய கூழ், புளித்த மோர், நறுக்கிய வெங்காயம். நாங்கள் கேழ்வரகில் காய்ச்சுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு குவளை குடித்த பிறகு பேச்சு தானாக வந்தது.

முறையைப் புரியவைக்கப் பெரிய தாளில் மரம் வரைந்து எடுத்துப் போங்கள். பாதியைக் காலியாக விடுங்கள், அவர்கள் பங்கை அவர்களே எழுதட்டும். பட்டியலில் உள்ள சாதிப் பத்தியைப் பிரதியில் மறைத்துவிடுங்கள். அவர்களாகக் கேட்டால் சொல்லலாம். உடல் அடையாளப் பத்தியை மறைக்காதீர்கள். "வலது கணுக்காலில் தழும்பு" என்று படித்துச் சொன்னதும் அத்தை தன் கணுக்காலை ஒருமுறை குனிந்து பார்த்தார், பேத்திகள் சிரித்துவிட்டார்கள்.

குலதெய்வத்தின் படம் ஒன்றும் கொண்டுபோங்கள். பட்டா நகல் கொண்டுபோவதானால் யோசித்துச் செய்யுங்கள். கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் பெயர் இருக்கிறதே என்று நான் ஆசையாக நீட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, இதில் முனிசாமியின் பங்கு எவ்வளவு என்று கேட்டார். அந்த நிலத்தை என் அப்பா 1974-இல் விற்றுவிட்டார். தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு குவளை கூழ் கேட்டேன்.