டேப் பேக்கப்: டார் 'மெமரி இல்லை' என்றால் ராம் வாங்க ஓடாதீர்கள்

ஒரு பழைய சர்வரோடு சேர்த்து எல்டிஓ-6 டிரைவும் (எல்டிஓ என்பது பேக்கப் டேப்பின் ஒரு வகை, 6 அதன் தலைமுறை) அட்டைப்பெட்டி நிறைய டேப்பும் என் பொறுப்பில் வந்து விழுந்தன. எழுதி வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், குறிப்பு என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. அவற்றைப் படிக்க வைத்த வழி இது. லினக்ஸில் கட்டளை அடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

இந்தக் காலத்தில் டேப்பா என்று கேட்பவர்களுக்கு: 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் சிலருடைய அஞ்சல்கள் காணாமல் போயின. பல இடங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை விட்டுவைக்கவில்லை. கூகுள் கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டது. அலமாரியில் கிடக்கும் டேப்பை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது.

1. டிரைவ் தெரிகிறதா?

டிரைவை ரெய்டு கார்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் கார்டு) செருகாதீர்கள். பெரும்பாலான ரெய்டு கார்டுகள் டேப்பைக் கண்டுகொள்வதே இல்லை. டிரைவை நேரடியாகச் சர்வரோடு இணைக்கும் சாதாரண சாஸ் ஹெச்பிஏ கார்டு போதும், பழையது மலிவாகவே கிடைக்கும். 'எல்எஸ்ஸ்கஸி' கட்டளையை 'ஜி' ஆப்ஷனோடு ஓட்டினால் டிரைவின் பெயரும் பக்கத்தில் 'எஸ்ஜி' எண்ணும் வரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டேப்பின் தலைமுறையையும் பாருங்கள். எல்டிஓ-6 டிரைவ் 4, 5, 6 மூன்றையும் படிக்கும். 5, 6 இரண்டில் மட்டும் எழுதும். புதிதாக எல்டிஓ-8 வாங்கிப் பழைய 6-ஐப் படித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அது 7-க்குக் கீழே இறங்காது.

டேப்பைச் செருகும் முன் எழுதாமல் தடுக்கும் தாழை நகர்த்திப் பூட்டுங்கள். படிக்கும் வேலைதானே, பூட்டியே இருக்கட்டும்.

2. எஸ்டி வேண்டாம், என்எஸ்டி

ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. /டெவ்/எஸ்டி0 வழியாகப் போனால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். திங்கள்கிழமை பேக்கப்பை எழுதிவிட்டுச் செவ்வாய்க்கிழமையும் அதே பெயரில் எழுதினால் திங்கள் மேலேயே செவ்வாய் உட்காரும். உள்ளதும் போச்சு! /டெவ்/என்எஸ்டி0 நின்ற இடத்திலேயே நிற்கும். எப்போதும் இதையே பயன்படுத்துங்கள்.

3. பிளாக் அளவு

பெரும்பாலானவர்கள் மாட்டுவது இங்கேதான். டேப்பைச் செருகி, கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் கட்டளையால் பட்டியல் கேட்டால் 'கெனாட் அலோகேட் மெமரி' என்று வந்து நிற்கும். 64 ஜிபி ராம் உள்ள சர்வரிலும் இதே கதைதான். இணையத்தில் தேடினால் ஸ்வாப்பைக் கூட்டு, கெர்னலை மாற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டேப்பில் தரவு பிளாக் பிளாக்காக இருக்கிறது. ஒரு பிளாக்கை முழுதாகத்தான் எடுக்க முடியும், பாதி எடுக்க முடியாது. டார் வழக்கமாக நீட்டும் பாத்திரம் 10240 பைட். உள்ளே இருப்பது அதைவிடப் பெரிய பிளாக் என்றால் டிரைவர் கையை விரித்துவிடும். அந்த மறுப்புதான் 'மெமரி இல்லை' என்ற வேடத்தில் வருகிறது.

உடனே கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையைப் பாருங்கள். 262144 பைட் பிளாக்கை 10240 பைட் டிரான்ஸ்ஃபரில் படிக்க முடியவில்லை என்று கெர்னலே ஒரு வரி எழுதியிருக்கும். விடை அதிலேயே இருக்கிறது. டார் 512 பைட்டை ஓர் அலகாக எண்ணும், 262144-ஐ 512-ஆல் வகுத்தால் 512. டாருக்கு 'பி' ஆப்ஷனில் இந்த 512-ஐக் கொடுங்கள். பிளாக் 65536 என்றால் 128, 1048576 என்றால் 2048.

அந்த வரி கிடைக்கவில்லையா? டேப் டிரைவை இயக்கும் 'எம்டி' கட்டளையில் 'செட்பிஎல்கே 0' கொடுத்து, டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றி, 'டிடி' கட்டளையால் பிஎஸ் 2 எம், கவுண்ட் 1 என்று ஒரே ஒரு பிளாக்கைப் படியுங்கள். வந்த கோப்பின் அளவுதான் பிளாக் அளவு. அடுத்த முயற்சிக்கு முன் மறக்காமல் மறுபடி சுற்றுங்கள். ஏற்கெனவே ஒரு பிளாக் நகர்ந்திருக்கும், அப்படியே டாரை ஓட்டினால் இது டார் கோப்பே இல்லை என்று சாதிக்கும்.

4. எழுதுவது

எல்டிஓ-6 நொடிக்கு 160 எம்பி விழுங்கும். சின்னச் சின்னக் கோப்புகளை அந்த வேகத்தில் எந்த ஹார்டு டிஸ்க்கும் ஊட்டாது. பசி தாங்காமல் டிரைவ் நிற்கும், கொஞ்சம் பின்னால் போகும், மறுபடி கிளம்பும். சத்தத்திலேயே தெரியும். டேப்புக்கும் ஹெட்டுக்கும் இதைவிடக் கெடுதல் வேறில்லை. டாருக்கும் டிரைவுக்கும் நடுவே, தரவை ராமில் சேர்த்துவைத்துச் சீராக அனுப்பும் 'எம்பஃபர்' போடுங்கள்: 4 ஜிபி பஃபர், 80 சதவீதம் நிரம்பிய பிறகு எழுதத் தொடங்கு, பிளாக் 256 கே. டேப்பில் விழும் பிளாக் அளவைத் தீர்மானிப்பது இப்போது எம்பஃபர்தான், டார் இல்லை. அதனால் டாருக்கும் அதே அளவை, அதாவது 'பி' 512, கொடுங்கள். அந்த எண்ணை டேப் லேபிளில் பேனாவால் எழுதுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் இதைச் செய்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

ஒரே ஒரு டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு பாக்குலா என்ற பேக்கப் மென்பொருள் மாதிரிப் பெரிய ஏற்பாடு தேவையில்லை என்பது என் கட்சி. டார், எம்டி, எம்பஃபர் மூன்றும் எந்த லினக்ஸிலும் கிடைக்கும், பத்து வருடம் கழித்தும் கிடைக்கும்.

டாரின் கோப்புப் பட்டியலை டிஸ்க்கிலும் ஒரு நகல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கோப்பைத் தேட மொத்த டேப்பையும் ஓட்ட வேண்டிவரும். முழு எல்டிஓ-6 டேப், 2.5 டிபி, முழு வேகத்திலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல்.

5. சுத்தம் செய்வது

வாராவாரம் கிளீனிங் டேப் போடாதீர்கள். அது ஹெட்டைத் தேய்க்கும். டிரைவ் கேட்டால் மட்டும் போடுங்கள். ஐபிஎம் டிரைவ்களில் முன்பக்கம் 'சி' எழுத்து வரும். 'டேப்இன்ஃபோ' கட்டளைக்குக் குறித்துவைத்த எஸ்ஜி எண்ணைக் கொடுத்தால் டேப் அலர்ட் செய்திகளை, அதாவது டிரைவே தரும் எச்சரிக்கைகளை, சொல்லும். பல டிரைவ்களில் ஒரு முறை படித்ததும் அவை அழிந்துவிடும், அதனால் வெளியீட்டைக் கோப்பில் சேமியுங்கள்.

கீழே விழுந்த டேப்பை அப்படியே செருகக் கூடாது. ஓரத்தில் உள்ள சின்னக் கதவை விரலால் திறந்து பாருங்கள். டேப்பின் நுனியில் மெல்லிய உலோகப் பின் ஒன்று நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். அது சாய்ந்திருந்தால் செருகாதீர்கள், டிரைவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பின்சேர்க்கை: சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்ததும் என்எஸ்டி0 என்பது என்எஸ்டி1 ஆகிவிட்டது என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு டிரைவ் இருந்தால் அப்படி நடக்கும். ஸ்கிரிப்டில் /டெவ்/டேப்/பை-ஐடி கோப்புறையில் உள்ள பெயரைப் போடுங்கள். அது டிரைவின் சொந்த அடையாளத்தோடு வருவது, மாறாது. அங்கேயும் 'என்எஸ்டி' என்று முடிவதைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று: பர்மிஷன் இல்லை என்று வந்தால் சூடோ போட்டு ஓட்டாமல் உங்கள் பயனரை 'டேப்' குழுவில் சேருங்கள், லாகவுட் செய்துவிட்டு வாருங்கள். 'டிவைஸ் பிஸி' என்றால் வேறு ஏதோ புரோகிராம் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எது என்று 'எஃப்யூசர்' காட்டிக்கொடுக்கும்.