கழன்றுகொள்ளும் ஸ்ட்ராப் உள்ள ஸ்கீ கம்பு: வாங்குவது, மாட்டுவது, விழும்போது விடுவது

முதல்முறை ஸ்கீயிங் போகிறவர்கள் பூட்ஸுக்கும் ஸ்கீ பலகைக்கும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கம்பு விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எதை நீட்டுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கம்பு எதுவானாலும் சறுக்கலாம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் விழும்போது கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பு உங்கள் கட்டைவிரலையும் தோளையும் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டால், அந்த மேல்முனையில் தொங்கும் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பீர்கள்.

இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் ஸ்ட்ராப் பற்றித்தான் இந்தப் பதிவு. தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை: இந்த ஸ்ட்ராப் உங்கள் கையைக் கம்பிலிருந்து பிரிக்கும், உங்கள் விரல்களைப் பிரிக்காது. நீங்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்ட்ராப்பாலும் பயனில்லை.

முதலில், சாதாரண ஸ்ட்ராப் ஏன் தொல்லை

சாதாரணக் கம்பில் ஒரு துணி வளையம் இருக்கும். கையை அதற்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, அப்புறம் ஸ்ட்ராப்பையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிப்பார்கள். இப்படிப் பிடித்தால் கம்பை ஊன்றித் தள்ளும்போது பாரம் மணிக்கட்டில் இறங்கும், விரல்கள் சோர்வடையாது, கை நழுவினாலும் கம்பு மலைச்சரிவில் உருண்டு போகாது. நல்ல விஷயம்தான்.

விழும்போது இதே நல்ல விஷயம் எதிரியாகிறது. இரண்டு விதமாக விழுகிறோம். ஒன்று, கம்பின் நுனியோ, நுனிக்குச் சற்று மேலே இருக்கும் வட்டத் தட்டோ பின்னால் ஒரு மரக்கிளையிலோ வலையிலோ மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போகிறது. ஸ்ட்ராப் கழலாவிட்டால் தோள்மூட்டு இழுபடும். இரண்டு, கையை நீட்டியபடி பனியில் விழுகிறோம், கைப்பிடி உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது, அது ஒரு நெம்புகோல் மாதிரி கட்டைவிரலை வெளிப்பக்கமாக வளைத்துத் தள்ளுகிறது. கட்டைவிரலின் அடிமூட்டில் உள்பக்கமாக இருக்கும் தசைநார் அப்போது கிழியலாம். இதற்கு ‘ஸ்கீயர்ஸ் தம்ப்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதே தசைநார் தளர்ந்துபோவதை 1955-இல் ஸ்காட்லாந்தின் வேட்டைக்காடு காவலர்களிடம் விவரித்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது முயல்களின் கழுத்தைத் திருகித் திருகி வந்த வினை. 1962-இல் ஸ்டேனர் என்ற ஸ்வீடன் மருத்துவர், கிழிந்த நார் சில நேரம் பக்கத்துத் திசுவுக்கு மேலே ஏறி மாட்டிக்கொள்வதையும், அப்படி ஆனால் அது தானாக ஒட்டாது என்பதையும் எழுதினார். அந்த நிலைக்கு அறுவை சிகிச்சைதான் வழி. அதனால் விழுந்த பிறகு கட்டைவிரல் அடியில் வீக்கமும், எதையும் கிள்ளிப் பிடிக்க முடியாத பலவீனமும் இருந்தால் ‘சுளுக்குதான், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்’ என்று விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது மேலே சொன்ன இரண்டு விழுதல்களையும் மறுபடி பாருங்கள். முதலாவதில் கம்பு பின்னால் நிற்கிறது, கை விலகிப் போகிறது, ஸ்ட்ராப் கைப்பிடியின் மேல்முனைப் பக்கமாக இழுபடுகிறது. கழன்றுகொள்ளும் ஸ்ட்ராப் பிரமாதமாக வேலை செய்யும் இடம் இதுதான். இரண்டாவதில் ஸ்ட்ராப்பை யாரும் இழுக்கவே இல்லை, உள்ளங்கையில் சிக்கிய கைப்பிடிதான் விரலை நெம்புகிறது. அங்கே ஸ்ட்ராப் கழலும் என்று காத்திருக்கக் கூடாது, விரல்கள்தான் திறக்க வேண்டும். திறந்த பிறகு கம்பு கையைவிட்டு ஓடிப்போக ஸ்ட்ராப் வழிவிடும், அவ்வளவுதான் அதன் பங்கு.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கடையில் பெரும்பாலும் இரண்டு வகை பார்ப்பீர்கள்.

முதல் வகை, பார்க்க சாதாரண ஸ்ட்ராப் போலவே இருக்கும், ஆனால் பலமாக இழுத்தால் கைப்பிடியில் செருகியிருக்கும் முனை வெளியே வந்துவிடும். ஸ்காட் நிறுவனத்தின் எஸ்ஆர்எஸ் என்ற ஸ்ட்ராப் இப்படிப்பட்டது, பிளாக் டயமண்ட் நிறுவனத்தின் கம்புகள் சிலவற்றிலும் கழன்றுகொள்ளும் ஸ்ட்ராப் உண்டு. எந்தக் கையுறையோடும் போட்டுக்கொள்ளலாம். கழன்றால் மறுபடி செருகிவிட வேண்டியதுதான். விலையும் அதிகம் உறுத்தாது.

இரண்டாவது வகை லெகி நிறுவனத்தின் ட்ரிகர். ஜெர்மனியில் கிர்ஹைம் ஊர்ப் பக்கத்தில் தொடங்கிய நிறுவனம், ஐரோப்பிய ஸ்கீ மலைகளில் எங்கு திரும்பினாலும் இவர்கள் கம்பு கண்ணில் படும். இதில் ஸ்ட்ராப் கம்போடு தொங்காது, உங்கள் கையோடு இருக்கும். கையுறையிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சின்னக் கயிற்று வளையம் தைத்திருப்பார்கள், அல்லது சாதாரணக் கையுறைக்கு மேல் மாட்டிக்கொள்ள வளையம் வைத்த ஒரு பட்டை தருவார்கள். அந்த வளையத்தைக் கைப்பிடியின் வெட்டுக்குள் அழுத்தினால் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். கைப்பிடி உச்சியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் விட்டுவிடும். விழும்போது பொத்தானைத் தேட வேண்டியதில்லை, இழுப்பிலேயே கழலும். ட்ரிகர் எஸ் என்ற மாடல் மேல்நோக்கிய இழுப்புக்குக் கழலும், அதற்குப் பிறகு வந்த ட்ரிகர் 3டி முன்பக்கமும் பக்கவாட்டிலும் சாய்ந்த இழுப்புக்கும் விடும்.

என் கருத்து: வருடத்துக்கு ஒரு வாரம் போகிறவருக்கு முதல் வகையே போதும். அடிக்கடி போகிறவர், லிஃப்ட்டில் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ராப்பை மாட்டிக் கழற்றி அலுத்துப்போனவர் என்றால் ட்ரிகர் வகைக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. பாதுகாப்பைவிட அந்த வசதிக்காகத்தான் பலர் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒன்று மட்டும் கவனம். கையுறை, பட்டை, கைப்பிடி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கடையிலேயே பூட்டிப் பாருங்கள். சமதளத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்குக்கும் இதே மாதிரி க்ளிக் பூட்டுகள் உண்டு, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு அமைப்பு. இணையத்தில் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 2: நீளம்

மலையில் இறங்கும் ஸ்கீயிங்குக்கு உயரத்தை 0.7-ஆல் பெருக்குங்கள். 170 செ.மீ. உயரம் என்றால் 119, அதாவது 120 செ.மீ. கம்பு. கம்புகள் வழக்கமாக 5 செ.மீ. இடைவெளியில்தான் வரும், இரண்டுக்கும் நடுவில் வந்தால் குட்டையானதை எடுங்கள், புதியவருக்கு அதுதான் சுலபம்.

கடையில் சரிபார்க்க, கம்பைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடி தரையில் படும்படி வையுங்கள், வட்டத் தட்டுக்கு அடியில் பிடியுங்கள். (நுனி பனிக்குள் இறங்கிவிடும் என்பதால்தான் தட்டுக்கு அடியில்.) முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருந்தால் சரி. முன்கை மேல்நோக்கிச் சாய்ந்தால் கம்பு நீளம், கீழே சாய்ந்தால் குட்டை. நீளமான கம்பு உடம்பைப் பின்னால் தள்ளும், ஸ்கீயிங்கில் பின்னால் சாய்வதுதான் எல்லா விழுதலுக்கும் ஆரம்பம்.

படி 3: தண்டும் தட்டும்

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். அலுமினியம் வளையும், கார்பன் எடை குறைவு ஆனால் ஸ்கீ பலகையின் கூர்விளிம்பு பட்டுக் கீறல் விழுந்தால் பின்னொரு நாள் பட்டென்று ஒடியும். தொடக்கத்தில் கம்புகள் பலகைமேல் அடிபட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே அலுமினியம். கெட்டியான பாதைகளுக்குச் சின்னத் தட்டு, ஆழமான புதுப்பனிக்கு அகலத் தட்டு.

படி 4: வீட்டிலேயே ஒத்திகை

இதைத் தவிர்க்காதீர்கள். குளிரில், தடித்த கையுறையோடு, பின்னால் லிஃப்ட் வரிசை நின்றுகொண்டிருக்கும்போது கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

ட்ரிகர் வகை என்றால், கையுறையைப் போட்டுக்கொண்டு பட்டையை மாட்டுங்கள். இடது வலது தனித்தனி, குறி போட்டிருக்கும். மணிக்கட்டில் ஒட்டுப்பட்டையை இறுக்கியதும் அந்தக் கயிற்று வளையம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுப்பள்ளத்தில் நேராக நிற்க வேண்டும். உள்ளங்கைப் பக்கமோ புறங்கைப் பக்கமோ சாய்ந்தால் பூட்டுக்குள் போகாது. பூட்டியதும் கையைக் கொஞ்சம் தளர்த்தி, கம்பைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். விரல்கள் இறுகாமலே பாரம் பட்டையில் இறங்க வேண்டும். இறங்கவில்லை, கை கைப்பிடியில் கீழே வழுக்குகிறது என்றால் பட்டை தளர்வாக இருக்கிறது.

அப்புறம் முக்கியமான சோதனை. வீட்டில் ஒருவரைக் கம்பின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு கையை மேல்நோக்கி வெடுக்கென்று இழுங்கள். கழல வேண்டும். அப்புறம் முன்பக்கம், பக்கவாட்டு என்று இழுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் விடுகிறது, எதில் விடவில்லை என்பது உங்கள் கைக்கே தெரிந்துவிடும். கடைசியாக, விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். பூட்டு கழன்றாலும் கம்பு கையிலேயே இருக்கும், பார்த்தீர்களா? மலையில் நடப்பதும் அதுதான்.

சுவிட்சர்லாந்தில் பள்ளிகள் குளிர்காலத்தில் பிள்ளைகளை ஸ்கீ முகாமுக்கு அழைத்துப்போவது வழக்கம், அங்கே வளரும் நம் பிள்ளைகளும் போகிறார்கள். அந்தப் பெற்றோர்களுக்கு ஒன்று: பிள்ளை கையுறையோடு தானே அந்தப் பொத்தானை அழுத்த முடிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சியாளர்கள் ஆரம்பத்தில் கம்பே கொடுப்பதில்லை, அது நல்லதும்கூட. காஷ்மீரின் குல்மார்க்கிலோ உத்தராகண்டின் ஆலியிலோ வாடகைக்கு எடுக்கிறவர்கள், வாங்கும் போதே ஸ்ட்ராப்பை இழுத்துப் பாருங்கள். சாதாரண ஸ்ட்ராப்தான் என்றால், தொடக்க நாட்களில் அதைக் கையில் மாட்டாமலே சறுக்குவதில் தப்பேதுமில்லை. கம்பு நழுவினால் நாலு அடி ஏறி எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: மலையில்

லிஃப்ட்டுக்கு நெருங்கும் முன்பே இரண்டு கைகளையும் விடுவித்து, கம்புகள் இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடியுங்கள். கம்பு நாற்காலியில் சிக்கினால் கை கம்போடு போகக் கூடாது. மேலே இறங்கி, வழியைவிட்டு ஒதுங்கிய பிறகு பூட்டிக்கொள்ளுங்கள்.

சறுக்கும்போது கைகள் எப்போதும் கண்ணில் பட வேண்டும், இடுப்புக்கு முன்னால், கொஞ்சம் அகலமாக. இடதுபக்கம் திரும்ப இடது கம்பு, வலதுபக்கம் திரும்ப வலது கம்பு. ஊன்றுவது என்று சொல்கிறோமே தவிர தொட்டால் போதும், அதுவும் மணிக்கட்டு அசைவில், பலகையின் நுனிக்கும் பூட்ஸுக்கும் இடைப்பட்ட இடத்தில். தோளைத் தூக்கிக் குத்தினால் உடம்பு முழுக்கத் திருகிக்கொள்ளும். சமதளத்தில் தள்ளிப்போக இரண்டு கம்புகளையும் ஒன்றாக ஊன்றி, உடம்பை முன்சாய்த்துத் தள்ளுங்கள். ஸ்ட்ராப் சரியாக இருந்தால் இங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும், விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே கம்பு தள்ளும்.

விழப்போகிறோம் என்று தெரிந்ததும் விரல்களைத் திறங்கள். கம்பை ஊன்றித் தப்பிக்க முயலாதீர்கள், அந்த ஆசைதான் கட்டைவிரலைக் கெடுப்பது. இதைச் சரிவில் நின்றபடியே பழகலாம்: நண்பர் ‘விடு’ என்றதும் இரண்டு கம்பையும் பக்கவாட்டில் எறிய வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மரங்களுக்கு நடுவிலோ, பாதைக்கு வெளியே பனிச்சரிவு அபாயம் உள்ள இடத்திலோ போனால் எந்த ஸ்ட்ராப்பும் கையில் இருக்கக் கூடாது, கழன்றுகொள்வது உட்பட. பனிக்குள் புதைந்த கம்பு நங்கூரம் போல் கையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், முகத்துக்கு முன்னால் மூச்சுக்கு இடம் ஒதுக்கக் கை வேண்டும். அமுங்கிய பனிக்குள் பூட்டுக்குச் சரியான திசையில் இழுப்பு கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. புதியவர் அங்கே போகவே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

பராமரிப்பு

க்ளிக் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் வெட்டுக்குள் பனி அடைத்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அங்கேயே உறையும். கைப்பிடியைப் பூட்ஸில் தட்டியோ குச்சியால் கிண்டியோ எடுங்கள். இரவில் அறைக்குள் வைத்துக் காயவிடுங்கள். கயிற்று வளையத்தைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை கூர்ந்து பாருங்கள், நூல் பிரிந்திருந்தால் பட்டையையோ கையுறையையோ மாற்றிவிடுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் பூட்டுக்குள் போட வேண்டாம். அழுக்கு ஒட்டி, கழல வேண்டிய நேரத்தில் பூட்டு இறுகிவிடலாம்.