ஈறு நோயும் மறதி நோயும்: இரு பக்கமும் நேரும் தவறுகள்

ஒழுங்காகப் பல் துலக்காதவர்களுக்கு, மறதி நோய்களில் பரவலான அல்சைமர் வரும் என்ற செய்தி சில ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. ஈறு நோயை உண்டாக்கும் 'போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்' என்ற பாக்டீரியா சுரக்கும் நொதிகள், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் காணப்பட்டதாக 2019-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அந்த நொதிகளை முடக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 643 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. நோயாளிகளை ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது அது நினைவாற்றல் சரிவைத் தடுக்கவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் பகிர்ந்தார்கள் என்று தெரியவில்லை.

தொடர்பு இருப்பதைக் காரணம் என்று எடுத்துக்கொள்வதே இங்கு முதல் தவறு. மறதி தொடங்கும் நிலையில் உள்ளவர் பல் துலக்க மறப்பார், துலக்கினாலும் அரைகுறையாகத் துலக்குவார் என்பதால், ஈறு கெட்டது மறதியால்தான் என்றும் இருக்கலாம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் ஈற்றையும் மூளையையும் ஒருசேரப் பாதிக்கின்றன. மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணிகளை 2024-இல் பட்டியலிட்ட, 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் ஆணையம், அவற்றில் சர்க்கரை, புகை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்ததே தவிர வாய்ச் சுகாதாரத்தைச் சேர்க்கவில்லை.

அதற்காக, 'அப்படியானால் பல்லுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை' என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான். வீங்கிய ஈற்றில் பல்லை ஒட்டி உருவாகும் பள்ளத்திலிருந்து, மெல்லும்போதும் துலக்கும்போதும் பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. உடலெங்கும் தணியாத அழற்சி நிலவ அது ஒரு காரணமாகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகிறது. 34,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான பகுப்பாய்வில், பற்களை அதிகம் இழந்தவர்களுக்கு அறிவாற்றல் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 1.48 மடங்காக இருந்தது. பல்செட் அணிந்தவர்களிடம் இந்த வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. நன்றாக மென்று சாப்பிட முடிவது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பல்லைப் பிடுங்கிய பிறகு, 'வயதாகிவிட்டது, இட்லியும் கஞ்சியும் போதும்' என்று பெரியவர்களை விட்டுவிடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்றாடப் பழக்கத்தில் அதிகம் காணப்படும் தவறு, இரத்தத்தைக் கண்டு பின்வாங்குவது. துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்தவுடன் அந்த இடத்தில் பிரஷ் படாமல் தவிர்க்கிறோம், அல்லது பிரஷ்ஷையே விட்டுவிட்டு விரலும் பல்பொடியுமாக மாறிவிடுகிறோம். அங்கே படிந்த அழுக்கு இறுகிக் காறையாகி, ஈறு மேலும் வீங்குகிறது. மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் துலக்கி வந்தால், தொடக்கநிலை ஈறு அழற்சி ஓரிரு வாரங்களில் தணியும். தணியாவிட்டால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஈற்றில் இரத்த ஓட்டம் குறைவதால், நோய் முற்றிய பிறகும் இரத்தம் வராமல் இருக்கக்கூடும்.

காறையை எடுத்தால் பல் ஆட்டம் காணும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்துவிட்ட பல்லைக் காறை பிடித்து வைத்திருந்தது; அதை எடுத்ததும் உண்மை நிலை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வையும் மூளை நரம்பும் கெடும் என்ற அச்சம் இன்னும் தீங்கானது. பல்லுக்கு வரும் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறு. சீழ் பிடித்த பல்லைப் பிடுங்காமல் நாள்கடத்தினால்தான், அரிதாகவேனும், தொற்று மூளை வரை பரவிச் சீழ்க்கட்டி உண்டாகும் ஆபத்து இருக்கிறது.

ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிப்பதில் நேரும் தவறுகளே எல்லாவற்றிலும் முக்கியமானவை. அவர் வாயைத் திறக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று நினைத்து அதட்டுகிறோம். கையில் இருக்கும் பிரஷ் எதற்கு என்பதே அவருக்குப் புரியாமல் போயிருக்கலாம். பல் வலிக்கிறது என்று சொல்லவும் அவரால் இயலாமல் இருக்கலாம். சாப்பாட்டைத் தள்ளுவது, கன்னத்தைத் தடவிக்கொண்டே இருப்பது, சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைப்பது ஆகியவை வலியின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்து, அதன்மேல் நம் கையை வைத்து, தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்காரவைத்துத் துலக்கிவிட்டால் பலரும் ஒத்துழைக்கிறார்கள். படுத்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாயிலுள்ள கிருமிகளோடு அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரக்கூடும். பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் அதன் வடிவம் மாறிவிடும்.

மறதி நோய் என்று தெரிந்தவுடன் குடும்பங்கள் நரம்பியல் மருத்துவரை மட்டுமே தேடிப் போகின்றன. பல் மருத்துவரின் நினைவு வலி வந்த பிறகே வருகிறது. அதற்குள் நோயாளி பல் மருத்துவரின் நாற்காலியில் அமைதியாக உட்காரும் நிலையைக் கடந்துவிட்டிருப்பார். பிடுங்க வேண்டியது, அடைக்க வேண்டியது, பல்செட் கட்ட வேண்டியது எல்லாவற்றையும், அவரே கேட்டுப் புரிந்து சம்மதிக்கக்கூடிய தொடக்க மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும்.