டெத் பெனிபிட் சிமுலேஷன்ல மூணு நாள் போச்சு

வேரியபிள் ஆன்யுட்டில (பிரீமியத்தை பண்டுல போடுற இன்சூரன்ஸ் திட்டம்) உத்தரவாத இறப்புத் தொகைக்கு மான்டே கார்லோல, அதாவது ரேண்டம் எண்களால நிறைய தடவை சிமுலேட் பண்ணி, விலை போட்டேன். செத்தா கட்டின பிரீமியம், பண்டு மதிப்பு, ரெண்டுல எது பெருசோ அது. சரிபார்க்க, ஒவ்வொரு மாசத்துக்கும் ப்ளாக் ஷோல்ஸ் பார்முலா தர்ற புட் விலையை (பண்டு மதிப்பு பிரீமியத்துக்குக் கீழ போனா அந்தக் குறையை ஈடுகட்டுற ஆப்ஷனோட விலை) அந்த மாச இறப்பு வாய்ப்பால பெருக்கிக் கூட்டினேன், சிமுலேஷன் ரொம்ப அதிகமா நின்னுச்சு.

பாத், அதாவது சிமுலேட் பண்ற பாதைகளை, 10,000-லேர்ந்து 10 லட்சம் ஆக்கினேன், ஸ்டாண்டர்ட் எரர்தான் சுருங்குச்சு, இடைவெளி அப்படியே. டிரிப்ட்ல (பண்டோட சராசரி வளர்ச்சி) சிக்மா ஸ்கொயர் பாதி கழிச்சது சரி (சிக்மான்னா வொலட்டிலிட்டி, ஏற்ற இறக்க அளவு), பீஸ் கழிச்சதும் சரி, சீட் (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கி வைக்கிற எண்) மாத்தியும் பலன் இல்ல.

கடைசில செத்த மாச ரிட்டர்னை மட்டும் பிரிண்ட் பண்ணேன். எல்லாமே கிட்டத்தட்ட -16% இல்ல அதுக்கும் கீழ! இறப்புக்கும் பண்டுக்கும் தனித்தனி ஜெனரேட்டர், ஆனா ரெண்டுக்கும் ஒரே சீட், அதனால ஒரே எண். மாச இறப்பு வாய்ப்பு 0.001-னா, எண் அதுக்குக் கீழ விழுந்தாதான் சாவு; பண்டு ரிட்டர்னுக்காக அதே எண்ணை நார்மலா மாத்தினா -3.09-க்கும் கீழ, வருஷ வொலட்டிலிட்டி 20%-னா அதான் அந்த வீழ்ச்சி. சீட்டை மாத்தினப்போ ரெண்டும் சேர்ந்தே மாறிருக்கு.

சீட்டைப் பிரிச்சதும் விலை ஒத்துப்போச்சு. அப்புறம் இறப்பை சிமுலேட் பண்றதையே விட்டுட்டு வாய்ப்பால நேரா பெருக்கிட்டேன், நாய்ஸும் நல்லா குறைஞ்சுது. அப்பாடா.