அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேச

கத்தோலிக்க அடக்கத் திருப்பலியில் (அடக்கப் பூசையில்) குருவானவரின் மறையுரை, அதாவது பிரசங்கம், இறந்தவரின் புகழுரையாக இருக்கக் கூடாது என்பது திருச்சபை விதி. நற்கருணைக்குப் பின் வரும் நன்றி மன்றாட்டுக்குப் பிறகு குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். பங்குத்தந்தையிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். நான் அப்பாவின் செபமாலையில் தொடங்கினேன். மணிகளின் இடுக்கில் காய்ந்த வயல்மண். வரப்பில் நடந்தபடியே 53 'அருள் நிறைந்த மரியே' செபங்களையும் முடித்துவிடுவார்; நடுவில் யாராவது கூப்பிட்டால் கட்டைவிரல் அந்த மணியிலேயே நிற்கும். 'பக்திமான்' என்ற சொல்லே எனக்குத் தேவைப்படவில்லை.

அவர் கோபத்தையும் சொல்லுங்கள். (அம்மா முதலில் முறைத்தார், அப்புறம் சிரித்துவிட்டார்.) மூன்று நிமிடம் போதும்.

வருடா வருடம் நினைக்க, கல்லறைத் திருநாளான நவம்பர் 2 இருக்கிறது. உழவர்களின் பாதுகாவலர் புனித இசிதோரின் திருநாளான மே 15 அன்றும் ஒரு பூசைக்குச் சொல்லி வையுங்கள்.