ரேஷனில் வடிகட்டப் போய்…

வசதியானவர் வீட்டுக்கு மலிவு அரிசி போய்விடக் கூடாது என்ற கவலைதான் பசியைப் போக்கும் திட்டங்களைப் பெரும்பாலும் கெடுக்கிறது. 1997-இல் இந்தியா செய்த தவறு அதுதான். அதுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2002-இல் கிராமங்களில் எடுத்த கணக்கில் 13 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதில் ஒன்று, வீட்டில் ஆளுக்கு எத்தனை துணி இருக்கிறது என்பது. பழைய சேலை நாலு கொடியில் கிடந்தால் மதிப்பெண் ஏறும், வறுமைக் கோட்டு அட்டை கைநழுவும். 2004-05 வாக்கில் ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதிக்கு அந்த அட்டையே இல்லை.

தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போடவில்லை. அரிசி வேண்டாம் என்பவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். மற்றபடி, வரிசையில் நிற்க மனமில்லாதவர்கள் தாங்களே விலகிவிடுவார்கள். வசதியானவர் நாலு பேர் ரேஷன் அரிசியை வாங்கி இட்லிக்கு ஊறப்போட்டால் போகட்டுமே! தகுதியுள்ள ஒருத்தி வெறுங்கையோடு திரும்புவதுதான் பெரிய நஷ்டம்.

அடுத்த தவறு, அரிசிக்குப் பதில் பணம் என்று அவசரப்படுவது. ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் இதைச் சோதித்தார்கள். 1 ரூபாய்க்குக் கிடைத்த கிலோ அரிசியை 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க ஒரு நடை, அப்புறம் ரேஷன் கடைக்கு ஒரு நடை. கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். மக்கள் போராடினார்கள்; அடுத்த ஆகஸ்டில் திட்டத்தைக் கைவிட்டார்கள். வங்கியும் சந்தையும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் பணம் உதவலாம். நக்ரி அப்படிப்பட்ட இடமில்லை.

கைரேகை மிஷின் விஷயமும் இதே கதைதான். நாற்பது வருஷம் களை பறித்துப் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? “பாட்டி, நல்லா துடைச்சிட்டு வைங்க” என்பார் கடைக்காரர். முந்தானையில் துடைத்து, கட்டை விரலை வைத்து, பிறகு ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார் பாட்டி. கடைசியில் “நாளைக்கு வாங்க”. மிஷின் மறுத்தாலும் அரிசி கிடைக்க மாற்று வழி ஒன்றைக் கடையிலேயே வைத்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில்தான் வந்தது.

வெறும் அரிசியோடு நிறுத்துவதும் தவறு. வயிறு நிறையும், சத்து சேராது. துவரம் பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் குழம்பு கொஞ்சம் கெட்டியானது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 81.35 கோடிப் பேருக்கு மாதந்தோறும் ரேஷன் தானியம் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் மூத்தவர்கள் எட்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டார்கள். ஒதுக்கீடு நிரம்பிய மாநிலத்தில் அப்படி ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், பட்டியலிலிருந்து வேறு யாராவது போக வேண்டும்.